மூன்றாம் பேஸில் ரன்னர்: உள்களம் முன்னே வருவதா, பின்னே நிற்பதா?

பேஸ்பாலில் மூன்றாம் பேஸில் ரன்னர், அடுத்த நிறுத்தம் ஹோம் பிளேட், அங்கே தொட்டால் ரன். மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும், அவுட் இன்னும் இரண்டாகவில்லை. பேஸ்களை ஒட்டி நிற்கும் உள்களத்து நால்வரும் எங்கே நிற்பது என்ற கேள்வி இங்கேதான் சூடு பிடிக்கிறது. புல் விளிம்புக்கு வந்து ரன்னை மறிக்கலாம். வழக்கமான இடத்திலேயே நின்று, ரன்னைக் கொடுத்து அவுட்டை வாங்கலாம். இரண்டும் கலந்த நிலையும் உண்டு.

முன்னே வந்தால் கைக்கு வருவது தூரம், கையை விட்டுப் போவது நேரம். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே காக்கும் ஷார்ட்ஸ்டாப் வழக்கமாக ஹோம் பிளேட்டிலிருந்து ஏறத்தாழ 145 அடியில் நிற்பார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களை இணைக்கும் கோட்டுக்கு வந்துவிட்டால் அது சுமார் 100 அடி. மணிக்கு 95 மைல் வேகத்தில் அடிபட்ட பந்து, இடையில் வேகம் குறையாவிட்டால், முன்பு ஒரு நொடியில் வந்திருக்கும், இப்போது 0.7 நொடியில் வந்துவிடும். பக்கவாட்டில் நகர அவகாசமே இல்லை. நேராக வந்தால் பிடிப்பார், இரண்டு எட்டு தள்ளிப் போனால் ஹிட். தலைக்கு மேல் மெதுவாக எழும்பும் பந்துக்கும் அதே கதிதான்.

இதற்கு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2001ஆம் ஆண்டின் ஏழாவது ஆட்டத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2, மூன்று பேஸிலும் அரிசோனா ஆட்கள், ஒரு அவுட். எதிரணியான யாங்கீஸின் மேனேஜர் ஜோ டோரி உள்களத்தை முன்னே இழுத்தார். யாங்கீஸின் மரியானோ ரிவேரா வீசிய கட்டரை (கடைசியில் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும் வேகப்பந்தை) அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலஸ் அரைகுறையாகத்தான் அடித்தார். பந்து ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேல் போய் விழுந்தது, தொடர் முடிந்தது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் ஜீட்டருக்கு அது எளிய கேட்ச். ஆனாலும் டோரியைக் குறை சொல்ல முடியாது. பின்னே நிறுத்தியிருந்தால், டபுள் பிளேக்கு (ஒரே பந்தில் இரண்டு அவுட்டுக்கு) எட்டாத மெதுவான தரைப்பந்து ஒன்றே ஆட்டத்தை முடித்திருக்கும். இடக்கை பேட்டரின் கைப்பக்கம் வெட்டி உள்ளே வரும் பந்து மட்டையை உடைத்து, இப்படித்தான் உள்களத்துக்குச் சற்று அப்பால் விழும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

1991இல் இதற்கு மறுபக்கம் நடந்தது. உலகத் தொடரின் மினசோட்டா–அட்லாண்டா ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 0-0, ஒரு அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். அட்லாண்டாவின் சிட் ப்ரீம் அடித்த தரைப்பந்தை மினசோட்டாவின் முதல் பேஸ்மேன் கென்ட் ஹெர்பெக் எடுத்து ஹோமுக்கு எறிய, பிளேட்டைக் காக்கும் கேட்சர் அதைத் திரும்ப முதல் பேஸுக்கே எறிந்தார். இரண்டு அவுட், ரன் இல்லை. பேஸ்கள் நிரம்பியிருந்ததால் கேட்சர் பிளேட்டை மிதித்தாலே போதும். நிரம்பாவிட்டால் ரன்னரைத் தொட்டாக வேண்டும். 2014 முதல், கையில் பந்து இல்லாத கேட்சர் பாதையை மறிக்கவும் கூடாது. அதனால் எறிபந்து முழங்கால் உயரத்தில், பிளேட்டின் மூன்றாம் பேஸ் பக்கமாக வர வேண்டும். மறுபக்கம் போனால், கேட்சர் கையைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் ரன்னர் சறுக்கி உள்ளே போய்விடுவார்.

பின்னே நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஐந்தாறு இன்னிங்ஸ்களில், அல்லது இரண்டு மூன்று ரன் முன்னிலை இருக்கும்போது, அதுவே சரி. இரண்டாவது இன்னிங்ஸிலேயே பயந்து முன்னே ஓடி வரும் அணிகள் ஒரு ரன்னைத் தடுக்கப் போய் மூன்றைக் கொடுக்கின்றன.

அதிகம் மதிக்கப்படாதது நடுவழி: முதல், மூன்றாம் பேஸ்மேன்கள் மட்டும் முன்னே, நடு இருவர் பின்னே. முதல் பேஸிலும் ரன்னர் இருந்தால் இதுதான் என் முதல் தேர்வு. பண்ட்டும் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் பந்தும்) ஓரத்துத் தரைப்பந்தும் ஹோமுக்கு. நடுவில் வேகமாக வருவது டபுள் பிளேக்கு. நால்வருமே பாதித் தூரம் வந்து, பந்தின் வேகத்தைப் பார்த்து எங்கே எறிவது என்று முடிவெடுக்கும் முறையும் உண்டு. அனுபவமில்லாத அணிக்கு அது வேண்டாம். கையில் பந்தோடு யோசித்து நின்றே இரண்டு அவுட்டையும் இழப்பார்கள்.

எந்த நிலையிலும் வரும் பிழைகள் இரண்டு. பந்து கையுறையில் தட்டி விழுந்த பிறகும் ஹோமைப் பார்ப்பது. அப்போது முதல் பேஸ்தான். இன்னொன்று, ரன்னர் பாதியில் மாட்டிக்கொண்டால் எறிந்து எறிந்து விளையாடுவது. பந்தை வெறுங்கையில் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூன்றாம் பேஸை நோக்கி அவரை முழு வேகத்தில் விரட்ட வேண்டும். ஒரே எறிதலில் முடிந்தால் உத்தமம்.

கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன்னே ஆட்டத்தை முடிக்கும் என்றால், வெளிக்களத்து ஆள் ஒருவரை ஐந்தாவதாக உள்ளே அழைக்கலாம். ஆழமாகத் தூக்கியடித்தால் பிடித்தாலும் ரன் வந்துவிடும் என்பதால், அங்கே மூவர் தேவையில்லை. இரண்டாம் பேஸின் இருபுறமும் குறைந்தது இருவர் உள்களத்தில் நிற்க வேண்டும் என்ற 2023 விதியும் இதைத் தடுக்கவில்லை.