மின்னிதழ்கள்: தேடுவது ஓரிடம், திறப்பது வேறிடம் (குமரி மாவட்டக் கல்லூரிகளின் பயன்பாட்டு அனுபவம்)

மின்னிதழ் என்றால் இணையத்தில் வரும் ஆய்விதழ். அதைப் படிக்க கல்லூரி வைஃபை, கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் சந்தா, மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா என்று மூன்று வழிகளிலும் புழங்கியபின் சொல்வது இது. மின்னிதழ் கிடைக்கவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை தேடலையும் திறப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை. என்-லிஸ்ட் தளத்தில் நுழைந்து, அங்கே இருக்கிற பெட்டியில் தலைப்பை அடித்து, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். தேட, ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் ஸ்காலர் தேடுபொறி போதும், மருத்துவம் என்றால் பப்மெட் தளம். கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண் கைக்கு வந்த பிறகுதான் நூலகக் கணக்குக்கு வேலை.

யாருக்கு எந்த வழி என்பதில்தான் நம் மாவட்டத்தில் நிறையக் குழப்பம். காந்திநகரில் உள்ள நூலக வலைப்பின்னல் மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கானது. கல்லூரி ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, மேலாண்மைக் கல்லூரிகள் இதில் சேர முடியாது. ஒரே நாடு ஒரே சந்தா 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆகவே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ கோணம் அரசுக் கல்லூரியோ வரக்கூடிய வரிசையில், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் வரவில்லை. மாவட்டத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது வகையில் என்பதுதான் சங்கடம்.

உதவிபெறும் கல்லூரி ஆராய்ச்சி மையத்தில் இருந்துகொண்டு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி பதிவு செய்தவர்கள், பல்கலைக்கழக நூலகத்திடம் தொலைநிலை அணுகல் கணக்கு கேட்டுப் பார்க்க வேண்டும். பதிவுக் கடிதத்தின் நகலும் நெறியாளர் கையெழுத்தும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு சுற்று மிச்சம். வடசேரியில் பஸ் ஏறி, பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டி போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும்.

என்-லிஸ்ட் கணக்கை மாணவர் தானாகத் தொடங்க முடியாது. நூலகர்தான் பெயர்ப்பட்டியலை ஏற்ற வேண்டும். கடவுச்சொல் மின்னஞ்சல் பலருக்கு ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். நேற்றுவரை வேலை செய்த கணக்கு கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோனால், சந்தா புதுப்பிக்கவில்லையா என்பதை முதலில் கேளுங்கள். அதற்குக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

திறக்கும் முறை இரண்டு. ஒன்று ஐபி முகவரி, அதாவது கல்லூரி இணைய இணைப்பின் எண். அது பதிப்பகத்தில் பதிவாகியிருந்தால், கல்லூரி வைஃபையில் கடவுச்சொல் இல்லாமலே பிடிஎஃப் வரும். வளாகத்துக்குள் நின்றுகொண்டு மொபைல் டேட்டாவில் திறந்தால் வராது, பதிப்பகத்துக்கு நீங்கள் வெளி ஆள்தான். சிக்னல் மங்கும்போது போன் தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடுவதால், காலையில் திறந்த கட்டுரை மத்தியானம் காசு கேட்கும். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, வீட்டிலிருந்து நுழைவது. கட்டுரைப் பக்கத்தில் 'உங்கள் நிறுவனம் வழியாக அணுகுக' என்ற பொருளில் ஒரு ஆங்கிலப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கல்லூரிப் பெயரை அடித்து, இன்ஃபிளிப்நெட்டின் நுழைவுப் பக்கமான இன்ஃபெட்டில் கணக்கைக் கொடுத்தால் அதே கட்டுரைக்குத் திரும்பி வரும். பட்டியலில் கல்லூரிப் பெயர் இல்லாவிட்டால், பெயரின் முதற்சொல்லை மட்டும் அடித்துப் பாருங்கள். 'செயின்ட்' என்பதைச் சுருக்கியும் விரித்தும் பதிந்திருப்பார்கள்.

ப்ராக்ஸி, அதாவது நூலகத்தின் இடைக் கணினி வழியாகத் திறக்கிறவர்கள் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். பதிப்பகத்தின் பெயரில் புள்ளி இருந்த இடங்களில் சிறு கோடு விழுந்து, பின்னால் நூலகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மற்றவருக்குத் திறக்காது. அனுப்ப வேண்டியது 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணைத்தான். அதை பிடிஎஃப்-இலிருந்து எடுக்கும்போது வரி முடிவில் உடைந்து இடைவெளி புகுந்துவிடும், வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் சேர்ந்து வரும். 'டிஓஐ இல்லை' என்று காட்டினால் முதலில் அந்தப் புள்ளியை அழியுங்கள்.

தேடலில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மணவாளக்குறிச்சி கருமணல் பற்றித் தேடினால், ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை ஐ என்றும் ஒய் என்றும் எழுதிய கட்டுரைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. குளச்சலை சி-யிலும் கே-யிலும் தொடங்குகிறார்கள். கன்னியாகுமரிக்கு ஒற்றை என், இரட்டை என், போதாததற்கு கேப் காமரின். ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவே பெரிய எழுத்தில் OR என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்க்க வேண்டும். ஸ்காலரில் இது ஓடும். எல்சவியர் பதிப்பகத்தின் சயின்ஸ்டைரக்ட் தளத்தில் ஒரு பெட்டிக்கு OR போன்ற 8 இணைப்புச் சொற்கள்தான் வரம்பு, சொல்லின் மீதியைக் குறிக்கும் உடுக்குறியும் (*) அங்கே செல்லாது. அதனால் இரண்டு தடவையாகப் பிரித்துத் தேடுவது நல்லது. பழைய கட்டுரை என்றால் திருவிதாங்கூர் என்ற பெயரை மறக்காதீர்கள். 1949 வரை நாம் அங்கேயும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். 1909-இல் இந்தக் கரையில் மோனசைட் கண்டறியப்பட்டதை ஒட்டிய எழுத்துகளில் மாவட்டத்தின் பெயரைத் தேடினால் கிடைக்குமா?

சந்தா இல்லாத இதழ் என்றால் 39 டாலர் போலக் கேட்கும் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ஸ்காலரில் கட்டுரையின் கீழே உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பைத் திறந்தால் ஆசிரியர் ஏற்றிய கைப்பிரதி பல சமயம் இருக்கும். இலவசப் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் (Unpaywall) நீட்சியை உலாவியில் போட்டுவிட்டால் அது தானாகவே காட்டும். பழைய ஆய்விதழ்களின் தொகுப்புத் தளமான ஜேஸ்டோரில் பல இதழ்களின் புதிய வெளியீடுகள் 3 முதல் 5 ஆண்டு கழித்துத்தான் வரும், இது தளத்தின் குறையல்ல. நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களைப் பகிரும் டெல்நெட் வலைப்பின்னலில் கல்லூரி உறுப்பினர் என்றால் நூலகர் வழியாக நகல் கேட்கலாம். கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ்த்துறைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு அரைகுறைதான். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது. இந்தியப் பிஎச்டி ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியுள்ள பழைய தமிழ் ஆய்வேடுகள் பல, யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக விழும், யூனிகோடில் தேடினால் சிக்காது. தலைப்பையும் நெறியாளர் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவதே வழி. இயல்கள் தனித்தனி கோப்பாக இருப்பதால் துணைநூற்பட்டியலை மட்டும் முதலில் இறக்கிப் பார்த்துவிட்டு மற்றதை எடுக்கலாம்.

பதிவிறக்க மென்பொருள் வைத்து ஒரு இதழின் முழுத் தொகுதியையும் உறிஞ்சாதீர்கள். பதிப்பகம் அதை ரோபோ என்று எடுத்துக்கொண்டு கல்லூரியின் ஐபி முகவரியையே முடக்கிவிடும், அன்றைக்கு வளாகத்தில் யாருக்கும் திறக்காது. எடுத்த கட்டுரைகளை, மேற்கோள் விவரங்களைச் சேமிக்கும் சோட்டெரோ மென்பொருளில் சேருங்கள். இலவச இடம் 300 எம்பிதான், பிடிஎஃப்களைக் கணினியில் வைத்துக்கொண்டு விவரங்களை மட்டும் ஒத்திசைத்தால் தாராளமாகப் போதும். படிப்பு முடிந்து நூலகர் பெயரை நீக்கிய பிறகு கணக்கு திறக்காது என்பதால், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே வேண்டியதை இறக்கி வைத்துவிடுங்கள்.