நான்கு சனிக்கிழமைகள், ஒரு புலனாய்வு வகுப்பு

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியின் மேல்மாடியில் நடக்கும் குற்றப் புலனாய்வு அறிமுக வகுப்புக்கு நான்கு சனிக்கிழமைகள் போய்வந்தேன். கட்டணம் 4,000 ரூபா. படிப்பிப்பவர்கள் இளைப்பாறிய பொலிஸ் அதிகாரி ஒருவரும் ஒரு சட்டத்தரணியும். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கென்று வைத்த வகுப்பு. நான் கிராம அலுவலர். ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். என் பிரிவில் ஒரு சாவு என்றால் பொலிசுக்கு முன்னர் நான் போய் நிற்பதுண்டு.

போனதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், தனியாக இருந்த ஆச்சி ஒருவர் குசினியில் கொலையுண்டு கிடந்தார். நான் சைக்கிளில் போய்ச் சேர முன்னமே வளவுக்குள் முப்பது பேர். யாரோ ஆச்சிக்கு மேல் வேட்டி போர்த்தியிருந்தார்கள். இரத்தம் கிடந்த இடத்தை வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவியாகிவிட்டது. வந்த பொலிஸ் பெடியனுக்கு அதுதான் முதல் கொலை. வேலியடியில் யாரோ "மருமகன்தான்" என்றார்கள். அந்தச் சொல் குறிப்புப் புத்தகத்தில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. மருமகன் 14 நாள் விளக்கமறியலில் இருந்தார். அன்று முழுக்க அவர் கிளிநொச்சியில் மேசன் வேலையில் நின்றதற்கு வரவுப் புத்தகம் இருந்தது. அதைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வழக்கு இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

இரண்டாம் வகுப்பில் அமெரிக்காவின் போல்டர் நகரத்து வழக்கை எடுத்தார்கள். 1996 டிசம்பர் 26, ஆறு வயதுச் சிறுமி ஜோன்பெனே ராம்சியின் கொலை. கொலை அபூர்வமான ஊர் அது. பொலிசுக்கு அதில் பழக்கம் குறைவு. பிள்ளையைக் கடத்திவிட்டதாக 118,000 டொலர் கேட்டு ஒரு கடிதம். சிநேகிதர்களை வீட்டுக்குள் விட்டார்கள், அவர்கள் குசினியைத் துப்புரவாக்கினார்கள். பொலிசுக்குத் தகவல் போய் ஏழு மணித்தியாலம் கழித்து, அதே வீட்டின் நிலக்கீழ் அறையில் தகப்பன்தான் பிள்ளையைக் கண்டெடுத்து மேலே தூக்கி வந்தார். அந்த நேரம் வீட்டில் நின்றது ஒரேயொரு துப்பறியும் அதிகாரி. இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சி வீட்டு வாளிதான் கண்ணுக்குள் நின்றது.

பிறகு சந்தேகம் தாய் தகப்பன் மேலேயே நின்றுவிட்டது. வெளியாள் வந்திருக்கலாம் என்று சொன்ன அனுபவசாலித் துப்பறிவாளர் லூ ஸ்மிட் 1998இல் விலகிப் போனார். உடுப்பில் இருந்த மரபணு குடும்பத்தவருடையது அல்ல என்று அரச வழக்குத்தொடுநர் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டது 2008இல். தாய் 2006இலேயே இறந்துவிட்டார்.

இந்த வகுப்பின் உயிர் மூன்றாம் சனிக்கிழமைப் பயிற்சி. ஆளுக்கொரு கடித உறை. உள்ளே உடைந்த கோப்பை, ஈரத் துவாய், இரண்டு வாக்குமூலம். பத்து நிமிடத்தில் சந்தேகநபரை எழுதி மடித்து வைக்க வேண்டும். நான் 'கணவன்' என்று எழுதினேன். இரண்டாவது உறையில், அந்த நேரம் கணவன் ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்த துண்டு. அதைக் கண்ட பிறகும், துண்டு வேறு ஆளுடையதாக இருக்கலாம் என்று மூன்று வரி எழுதினேன். படிப்பித்த ஐயா அதை வாசித்துவிட்டு, "விதானையார், இதில எது சாட்சி, எது உங்கட விருப்பம்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. செக்குமாட்டின் கண்ணைக் கட்டுவது இன்னொருவர். என் கண்ணை நானே கட்டியிருந்தேன். அந்தப் பொலிஸ் பெடியன் மேல் இருந்த கோபம் அன்று பாதி குறைந்தது.

குறை சொல்ல வேண்டுமென்றால், எங்கள் நாட்டு நடைமுறைக்கு, அதாவது நீதவான் வருவது, சோகோ எனப்படும் குற்ற இடச் சோதனைப் பொலிஸ் தடயம் எடுப்பது, மரண விசாரணை ஆகியவற்றுக்கு, அரை மணித்தியாலம்தான் ஒதுக்கினார்கள். எனக்கு வேண்டியது அதுதான். குறிப்புகளின் போட்டோப் பிரதி மங்கல். மேல்மாடி வெக்கை தாங்க முடியாது. ஆனாலும் காசு வீண் இல்லை. கிராம அலுவலர்கள், தாதிமார், ஊர் அமைப்புகளில் இருப்பவர்கள் கட்டாயம் போகலாம்.

அடுத்த முறை எங்கள் சனசமூக நிலையத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். செத்த வீட்டில் பந்தல் போடவும் கதிரை இறக்கவும் முற்றம் கழுவவும் முதலில் ஓடி வருவது அவருடைய பெடியள்தான்.