பேர்ப்பலகை இல்லாத கடையும் பின் அடித்த புத்தகமும்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் அக்ரஹாரம் போகும் வழியில், தட்டுவடை செட் வண்டிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது ஷட்டர். பேர்ப்பலகை கிடையாது. வாசலில் டி.என்.பி.எஸ்.சி. கைடுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போகாதீர்கள்.

ஆறு வருஷமாகப் போகிறேன். அட்டை விலையில் பாதி, அட்டையே இல்லையென்றால் கால்வாசி. படித்துவிட்டுக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். குறையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை வாங்கிய மாத நாவலில் கடைசி பதினாறு பக்கம் இல்லை. கொலை செய்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "புரட்டிப் பாத்துத்தானம்மா வாங்குன" என்று சொல்லிவிட்டார் கடைக்கார அண்ணன்.

இந்தத் தடவை கிடைத்தது பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல், நூறு ரூபாய். நடுவில் ஒரு கொத்துப் பக்கத்தைச் சேர்த்து மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. எந்தப் பக்கங்கள் என்று படித்தவர்களுக்குத் தெரியும்: குழந்தையில்லாத பெண், கோயில் திருவிழா இரவில் முன்பின் தெரியாத ஆணிடம் போகும் இடம். "யாரு அடிச்சதோ, வரும்போதே இப்படித்தான் வந்துச்சு. நீயே பிரிச்சுக்க, அதுக்குக் காசு கேக்கமாட்டேன்."

எனக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோடு, நாவலில் வருவதும் அதே ஊர்தான். 2010ல் வந்த நாவலை நாலு வருஷம் ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது பாருங்கள், என் அம்மா புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமலே "நம்ம ஊருப் பொம்பளைங்கள இப்படி எழுதலாமா" என்று போனில் கொதித்தார். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அடுத்து நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அரசாங்கம் தடை எதுவும் போடவில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று ஒன்று நடந்தது. பெருமாள்முருகன் நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார்.

முறையாகத் தடை என்றால், காரணம் எழுதி அரசாணை போட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். பெரியாரின் ராமாயண விமர்சனத்தின் இந்திப் பதிப்பை உத்தரப்பிரதேச அரசு 1969ல் பறிமுதல் செய்ததே, அதை அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 1976ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தடை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இருந்தாலும் அரசாணையோடு மல்லுக்கட்டலாம். பேச்சுவார்த்தை என்று உட்காரவைத்து வாங்கிய கையெழுத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

இதையெல்லாம் கடையில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பையன், "அப்ப ஆளை வெட்டுன்னு எழுதுனா அதையும் விடணுமாக்கா?" என்றான். சரியான கேள்விதான். வன்முறையைத் தூண்டினால் ஆளைப் பிடிக்கவே தனிச் சட்டம் இருக்கிறது, நாவலுக்கு எதற்கு அது என்றேன். முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நாமக்கல்லில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கி எறியுங்கள் என்றும் சொன்னது. இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "தூக்கி எறிஞ்சா எங்க போகும்? எடைக்குப் போகும். எடைக்குப் போனா எங்கிட்டத்தான் வரும்." சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்யக் கூடாதென்று 1988ல் போட்ட அறிவிக்கையை, 2024ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் யாராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை என்றேன். "அதையும் எடைக்குப் போட்டிருப்பாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஊக்கால் நெம்பிப் பின்களை எடுத்தேன். ஆறு ஓட்டை, சுற்றிலும் துருக்கறை. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். பூவரச மரம், மாடு, தொண்டுப்பட்டி என்று வரும்போதெல்லாம் "ஆமா, இப்படித்தான் இருக்கும்" என்கிறார். துருக்கறைப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.