இறங்காத கோடு: நாலு வருட வகுப்பு அனுபவம்

மறையூர்ப் பக்கம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். ஈர்ப்பு விசைப் பாடம் முடிந்ததும், கேலக்ஸி என்னும் நட்சத்திரக் கூட்டம் சுழலும் வேகத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளைச் (டார்க் மேட்டர்) சொல்லிக்கொடுப்பது நாலு வருடமாக என் வழக்கம்.

முதல் வருடம் சறுக்கிவிட்டேன். ராட்டினத்தைக் காட்டித் தொடங்கினேன். ராட்டினத்தில் விளிம்புக்குத்தான் வேகம் அதிகம். கேலக்ஸியும் ஒரே தட்டாகச் சுற்றுகிறது என்று வகுப்பே நினைத்துக்கொண்டது. அதை மாற்ற இரண்டு பீரியட் போனது.

அடுத்த வருடத்திலிருந்து கோள்களில் தொடங்குகிறேன். புதன் நொடிக்கு 47 கி.மீ., பூமி 30, வியாழன் 13, நெப்டியூன் 5.4. கிராஃப் தாளில் அவர்களே புள்ளி வைக்க வேண்டும். கோடு சரிந்து இறங்கும். நிறை நடுவில் இருந்தால், தள்ளிப்போகப் போக வேகம் குறையும் என்பது கைக்கே பழகிவிடும். கணினித் திரையில் வரைந்து காட்டிய வருடம் தலையாட்டினார்கள், மறுநாள் மறந்தார்கள். கையால் வரைவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம்தான் என்ஜிசி 3198. சப்தரிஷி மண்டலத் திசையில் இருக்கும் கேலக்ஸி. ஸ்பார்க் என்ற தொகுப்பில் 175 கேலக்ஸிகளின் அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலிருந்து இதை எடுத்துக்கொள்கிறேன். வேகம் உள்ளே ஏறும். பிறகு நொடிக்கு 150 கி.மீ. அருகிலேயே ஒரு லட்சம் ஒளியாண்டுக்கும் அதிகமான தூரம் வரை படுத்தபடி ஓடும். விளிம்புப் புள்ளிகள் ஹைட்ரஜன் வாயுவின் 21 செ.மீ. ரேடியோ அலையில் அளந்தவை. நட்சத்திர ஒளி அதற்கு வெகு முன்பே மங்கிவிடும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர், தப்பாக வைத்துவிட்டோம் என்று ரப்பரை எடுத்து அழிப்பார். எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

வேகம் மாறாமல் தூரம் இரட்டித்தால் உள்ளே இருக்கும் நிறையும் இரட்டிக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த நிறை கண்ணுக்குத் தெரிவதில்லை. போன வருடம் வெல்லம் காய்ச்சும் வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள்: “டீச்சர், பாக்க ஒரு மூட்டை, தூக்குனா அஞ்சு மூட்டை கனம்.” கரும்பொருள் என்ற சொல்லை அதுவரை நான் வாயில் எடுப்பதே இல்லை.

இந்தச் சொல்லால் தமிழில் ஒரு தொல்லை உண்டு. கருந்துளையும் கரும்பொருளும் ஒன்றுதான் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இப்போது கிராஃபையே பதில் சொல்ல விடுகிறேன். நடுவில் இருக்கும் கருந்துளைதான் காரணம் என்றால் கோள்களின் கோடு போல இதுவும் இறங்கியிருக்குமே?

வேகத்தை அளக்க உதவும் டாப்ளர் விளைவை, அதாவது நெருங்கும்போதும் விலகும்போதும் அலை மாறித் தெரிவதை, விளக்கச் சின்னாறு ரோட்டு ஜீப் ஹாரன் போதும்.

இந்த முறையில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. ஈர்ப்பு விதியே தப்பாக இருக்கக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள். 1983இல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் அதைத்தான் முன்வைத்தார், கரும்பொருள் துகளை இதுவரை யாரும் பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

1965இல் அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்தில் முறைப்படி அனுமதி பெற்று வானைப் பார்த்த முதல் பெண் வேரா ரூபின் என்றதும் பின் பெஞ்சுப் பெண்கள் நிமிர்வார்கள். 1970இல் அவரும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் சுழல்வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். டிசம்பரில் மழை ஓய்ந்ததும் காந்தல்லூர் மேட்டுக்குக் கூட்டிப்போய் அதை வெறுங்கண்ணால் காட்டுவேன். பஞ்சுத் துணுக்குப் போல மங்கலாகத் தெரியும். போன முறை ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்து இருட்டைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.