ஆக்டோபஸி: ஆட்டோ ஓட்டியவனுக்கு ஒரு வார்த்தை இல்லை

ஆடி மாதம் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்குக் காற்று வாங்கும் மாதம். முகூர்த்தம் கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் சவாரியை விட்டால் மத்தியானம் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி இரண்டு மத்தியானங்களில், கும்பகோணத்தில் மரத்து நிழலில் வண்டியைப் போட்டு, மீட்டர் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து இந்தப் படத்தைப் பார்த்தோம், நானும் அடுத்த வண்டித் தம்பியும். எங்கள் ஊரில் மீட்டர் வேறு எதற்குப் பயன்படுகிறது, இதற்காவது ஆகட்டும்.

1983-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம். ரோஜர் மூருக்கு இது ஆறாவது. முதல் தடவை நான் பார்த்தது பள்ளிக்கூடம் படிக்கையில், தஞ்சாவூர் தியேட்டரில், பெரியப்பா மகன் கூட்டிப்போய். வசனம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விஜய் அமிர்தராஜ் திரையில் வந்ததும் தியேட்டரில் எழுந்த விசில் இன்னும் காதில் இருக்கிறது. விம்பிள்டன் டென்னிஸில் இரண்டு தடவை கால் இறுதி வரை போன மெட்ராஸ்காரர், ஜேம்ஸ் பாண்டுக்கு ஆட்டோ ஓட்டுகிறார் என்றால் சும்மாவா?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய ஜெனரல் ஒருவன், அமெரிக்க விமானப்படைத் தளத்தில் அணுகுண்டை வெடிக்க வைத்து, அதை விபத்து என்று காட்டப் பார்க்கிறான். அவனுக்குக் கூட்டு கமால் கான் என்ற பெரிய மனுஷன். ஒரு நகை முட்டை, அதன் போலி, ஒரு சர்க்கஸ், உதய்பூரில் பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு அரண்மனை. எல்லாம் எப்படி ஒன்றோடொன்று சேருகிறது என்று கேட்டால், இரண்டாம் தடவை பார்த்த பிறகும் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. விடுங்கள்.

ஆட்டோவுக்கு வருவோம். சூதாட்டத்தில் கமால் கானிடம் பணத்தை ஜெயித்துக்கொண்டு பாண்ட் வெளியே வருகிறார். ஆட்கள் துரத்துகிறார்கள். விஜய் வண்டியை எடுக்கிறார், இது கம்பெனி வண்டி என்று ஒரு போடு போடுகிறார், வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. அங்கேயே நான் போனை நிறுத்திவிட்டேன். நாங்கள் பழகிய பழைய வண்டியில் இடது கையால் லிவரை நாலு தரம் இழுத்தால்தான் உயிர் வரும். மழை நாளில் ஏழு, எட்டு. பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போது முதல் கியரில் அது முனகுகிற முனகல் எங்களுக்குத்தான் தெரியும். தம்பி இன்னும் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறான். "அண்ணே, இவரு ஒரு கையில பேட்டு வச்சிருக்காரு. கியரு யாரு மாத்துறது?" என்றான். இடது கைப்பிடியைத் திருகாமல் கியர் மாறாதே! நியாயமான கேள்வி.

ஆனால் குறை சொல்ல மனசு வரவில்லை. கடைத்தெருவில் வண்டி வளைந்து போகிறது. தொற்றிக்கொண்டு ஏறுகிறவர்களை விஜய் டென்னிஸ் மட்டையால் சாத்துகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் மேட்ச் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புகிறது. அதைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு முன் சிரித்த மாதிரியே சிரித்தேன். பாண்ட் ரூபாய் நோட்டுகளைக் காற்றில் வீசினால் ஜனம் தெருவை அடைத்துக்கொள்கிறது. எங்கள் பெரிய கடைத்தெருவில் தீபாவளிக்கு முதல் வாரம் நோட்டு எதுவும் வீச வேண்டாம், தானாகவே அடைத்துக்கொள்ளும்.

இந்தியாவைக் காட்டியிருக்கிற விதம்தான் பொருமலாக இருக்கிறது. ஒரே தெருவில் ஆணிப் படுக்கைக்காரர், நெருப்புக் கங்கு, வாள் விழுங்குகிறவர், எல்லாரும் அட்டென்டன்ஸ் கொடுத்து நிற்கிறார்கள். ஆட்டின் கண்ணை விருந்தில் எடுத்துத் தின்கிறார் கமால் கான். ஜெயித்த பணத்தில் ஒரு கட்டை எடுத்து உள்ளூர் ஆளிடம் கொடுத்து, சில வாரத்துக்கு உங்கள் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிறார் பாண்ட். வாடகைக்கு மேல் கொடுத்துவிட்டு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுக்கிற சவாரிகளை நான் பார்த்திருக்கிறேன். பணத்தை வாங்கிக்கொள்வோம். சொல் மட்டும் ராத்திரி வரை கூட வரும்.

ஏரி நடுவில் இருக்கும் வெள்ளை அரண்மனை நிஜமாகவே அழகு. எனக்கு மன்னார்குடி ஹரித்ராநதியும் அதன் நடுவில் இருக்கும் கோயிலும் ஞாபகம் வந்தது. அந்த அரண்மனைக்குப் பாண்ட் போவது முதலை வேஷம் போட்ட ஒரு படகுக்குள் ஒளிந்துகொண்டு. இதை எங்கள் அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் விட்டிருந்தால் நிஜ முதலை பக்கத்தில் வந்து விசாரித்திருக்கும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். அத்தனை தெருவிலும் காப்பாற்றிக் கொண்டுவந்த விஜயை ஏரிக்கரையில் காவலுக்கு நிறுத்திவிட்டு, உள்ளே பாண்ட் அரண்மனைக்காரி ஆக்டோபஸியோடு இருக்கிறார். சுற்றும் ரம்பச் சக்கரத்தை வைத்திருக்கும் ஒருவன் வந்து விஜயை முடித்துவிடுகிறான். படம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பின்னால் கத்தி வீசும் இரட்டையர்களில் ஒருவனைக் கொல்லும்போது, இது 009-க்காக என்று பாண்ட் சொல்கிறார். 009 யார்? படத்தின் ஆரம்பத்தில் கோமாளி வேஷத்தில் ஓடிவந்து செத்தவர், இவருடைய ஆபீஸ்காரர். விஜய்க்காக என்று ஒரு அடி விழுகிறதா என்று காத்திருந்தேன். என் காதில் விழவில்லை. சவாரி இறங்கிப் போனதும் வண்டிக்காரன் முகம் மறந்துபோவது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் இவன் செத்தே போயிருக்கிறான்.

கமால் கானின் அடியாளாகக் கபீர் பேடி செய்த கோவிந்தாவும் அதே கேஸ்தான். பகடைக்காயைக் கையாலேயே நொறுக்குகிற ஆள். கடைசியில் விமானம் பறந்துகொண்டிருக்க, அதன் மேல் பாண்ட் தொற்றிக்கொண்டிருக்க, வெளியே போய் அவனைப் பிடி என்கிறார் முதலாளி. கோவிந்தாவின் முகத்தில் ஒரு கணம் ஓடுகிறதே, "வெளியேவா?" என்று. படத்திலேயே எனக்குப் பிடித்த நடிப்பு அதுதான். முதலாளி சொன்னால் பறக்கிற விமானத்துக்கும் வெளியே போகத்தான் வேண்டும். போனான், விழுந்தான்.

அதற்கு முன்னால் சர்க்கஸில் பாண்ட் கோமாளி முகத்தோடு குண்டைப் பற்றிக் கத்துவதும், கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துச் சிரிப்பதும் நல்ல பதற்றம். ஐம்பத்தைந்து வயசு மூர் அதில் விளையாட்டை விட்டுவிட்டு நிஜமாகவே நடித்திருக்கிறார். காட்டுக்குள் கொடியைப் பிடித்து டார்சான் மாதிரி கூவுவதை மட்டும் வெட்டி எறிந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் படம் முடியும்போது நாச்சியார்கோயிலுக்கு ஒரு அம்மா சவாரி கேட்டு வந்தார்கள், கையில் துணி சுற்றிய குத்துவிளக்கு. தம்பியின் முறை. லிவரை இழுத்துக்கொண்டே கேட்டான்: "அந்த விஜய் வண்டி யாருக்குண்ணே போயிருக்கும்? டியூ பாக்கி இருந்திருக்குமோ?"