குழந்தைகளின் ஈசிஜி: ஒரு அட்டையும் ஒரு காலிப்பரும், ஆறு வருடம்

காலிப்பர் (ஈசிஜி தாளில் அலைகளின் இடைவெளியை அளக்கும் இரண்டு கால் கருவி) நானே வாங்கியது. லேமினேட் செய்த அட்டை, சீனியர் அக்கா ஒருவர் படிப்பு முடித்துக் கிளம்பும்போது கொடுத்தது. வயதுவாரியாக இதயத்துடிப்பு, பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போய்ச்சேரும் நேரம்), வி1-இல் (மார்பில் ஒட்டும் வி1 முதல் வி6 வரையான லீடுகளில் முதலாவது) ஆர் அலையின் உயரம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். குழந்தைகள் மருத்துவத்தில் பி.ஜி. சேர்ந்த வருடத்திலிருந்து இரண்டும் என் கோட் பையில்தான்.

முதலில் மானம் போன கதை. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த மூன்று வயதுப் பையனின் ஈசிஜியில் வி1 முதல் வி3 வரை டி அலை (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் அலை) தலைகீழ். 'முன்பக்க இதயத்தசைக்கு ரத்தக்குறைவு' என்று மெஷின் அச்சடித்திருந்தது, நானும் அதையே கேஸ் ஷீட்டில் எழுதி ஆபரேஷனைத் தள்ளிவைத்து, பையனின் பாட்டியை அழவும் வைத்துவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் மேடம் ஸ்ட்ரிப்பை (ஈசிஜி பதிவான தாளை) பார்க்கக்கூட இல்லை. "வயசு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். மெஷினில் வயதை யாரும் பதியவில்லை, அது பையனைப் பெரிய ஆளாக நினைத்துப் படித்திருக்கிறது.

கருவில் வலது வென்ட்ரிக்கிளுக்குத்தான் (இதயத்தின் கீழறைக்குத்தான்) வேலை அதிகம், அதனால் பிறந்த குழந்தையின் ஈசிஜி வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வி1-இல் டி அலை முதல் சில நாட்கள் நிமிர்ந்திருக்கலாம், ஒரு வாரத்துக்குள் கவிழ்ந்துவிடும், அப்புறம் பல வருடம் அப்படியே இருப்பதுதான் இயல்பு. இதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். பார்க்கத்தான் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரானது இன்னும் ஆபத்து. இரண்டு வயதுப் பெண் குழந்தை, வி1-இல் டி நிமிர்ந்து நிற்கிறது, மெஷின் 'நார்மல்' என்கிறது. பெரியவர்களுக்கு அது நார்மல்தான், இந்த வயதில் வலது வென்ட்ரிக்கிளில் அழுத்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எக்கோவில் (இதய ஸ்கேனில்) நுரையீரல் தமனி வால்வு சுருங்கியிருந்தது. மெஷின் கத்தும்போது கூடப் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு இப்போது பயம்.

பாதித் தவறு படிப்பதில் இல்லை, எடுப்பதிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கான சக்‌ஷன் பல்பைக் கைக்குழந்தையின் மார்பில் வைத்து, ஜெல்லை ஒரே இழுவையாகத் தடவினால் வி1-லிருந்து வி6 வரை எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். கோடு ஆடுகிறதே என்று 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் அலைகளின் உயரம் குறைந்துவிடும் (குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ் வரை பதிவாக வேண்டும் என்பது பரிந்துரை). மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ.க்குப் பதில் மெஷின் தானாகவே 5-க்கு மாறியதைக் கவனிக்காமல் நான் ஏமாந்தது மட்டும் இரண்டு முறை. அழும் குழந்தையை அம்மா மடியில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்லி எடுத்த ஸ்ட்ரிப்தான் பெரும்பாலும் நல்ல ஸ்ட்ரிப்.

அட்டைக்கும் குறை உண்டு. அதிலுள்ள எண்கள், கியூபெக்கில் 2,141 வெள்ளையினக் குழந்தைகளிடம் எடுத்து 1979-80-இல் டாவின்யோன் குழு வெளியிட்டவை. மெலிந்த மார்புள்ள நம் பிள்ளைகளுக்கு அலைகளின் உயரத்தை மட்டும் வைத்து 'வென்ட்ரிக்கிள் தடிப்பு' என்று எழுத எனக்குக் கை வராது, அதற்கு எக்கோ இருக்கிறது. க்யூடிசியை (துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி இடைவெளியை) கணக்கிடும் பாசெட் சூத்திரமும் துடிப்பு வேகமாக இருந்தால் அதை ஏற்றிக் காட்டும், குழந்தை தூங்கிய பிறகு மறுபடி எடுப்பேன்.

ஆனால் இதயத் தாளத்துக்கு ஈசிஜியை விட்டால் வேறு கதி இல்லை. பால் குடிக்காமல் சோர்ந்து வந்த இரண்டு மாதக் குழந்தைக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 260. காய்ச்சல் வேகம் என்றுதான் ஓ.பி.யில் நினைத்திருந்தார்கள். அழுதாலும் அடங்கினாலும் அந்த எண் அசையவே இல்லை, காலிப்பரை வைத்தால் ஆர்-ஆர் இடைவெளி (ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) மில்லிமீட்டர் பிசகவில்லை. எஸ்விடி, அதாவது கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. முகத்தில் ஐஸ் பை வைத்தும் அடங்காமல் அடினோசின் ஊசியில் அடங்கியது.

காலிப்பர் இல்லையென்றால் வெள்ளைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு நகர்த்திப் பார்த்தாலே போதும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். அட்டையின் ஒரு மூலை பிய்ந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். எங்கள் டெக்னீஷியன் அண்ணன் இப்போதெல்லாம் லீடு ஒட்டுவதற்கு முன்னாலேயே "எத்தனை மாசம்மா?" என்று கேட்டு ஸ்ட்ரிப்பின் தலையில் பேனாவால் எழுதிவிடுகிறார்.