பழைய வீட்டை விற்கும் முன் கூப்பிட்ட இன்ஜினியர்

மயிலாடுதுறையில் அப்பா 1978-இல் கட்டிய வீடு. விற்கும் முன் எதைச் சரிசெய்யலாம் என்று பார்க்க ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்தேன். கட்டணம் 3,000 ரூபாய். மாடுலர் கிச்சன், புது டைல்ஸ் என்று நான் பட்டியலோடு நின்றேன். மனிதர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மொட்டை மாடிக்குப் போய்த் தட்டோடுகளைச் சாவியால் தட்டினார். ஓடு பிடிப்பு விட்டு டொப்பென்று சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம்.

"முதல்ல ஒழுகலை நிறுத்துங்க சார். ஹால் சீலிங்குல துருப்பிடிச்ச கம்பியைச் சுத்தம் பண்ணிப் பூசுங்க. வீட்டை வாங்குறவங்க கிச்சனை எப்படியும் இடிப்பாங்க."

செப்டிக் டேங்கை மட்டும் திறந்தே பார்க்காமல் 'நல்லா இருக்கு' என்றார்; பத்தே நாளில் அடைத்துக்கொண்டது. அறிக்கையும் ஒரு வாரம் தாமதம். சரி, கிச்சனுக்கு ஒதுக்கிய இரண்டு லட்சம் கையில் இருக்கிறது. தேக்கு வாசக்காலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான்.